நிதியியல் முதல் தாளை நடத்துவது எப்படி: காலக்கோட்டிலிருந்து விடைத்தாள் வரை முழுமையான வழிகாட்டி

பல்கலைக்கழகத்தில் நிதியியலின் முதல் தாளை (அறிமுகப் பாடத்தை) நடத்தப் போகிற ஆசிரியர்களுக்கான வழிகாட்டி இது. ஒரு செமஸ்டர், வாரம் 3 மணி நேரம், 14 வாரம், ஆக 42 மணி நேரம் என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறோம். உங்களிடம் நேரம் கூடவோ குறையவோ இருந்தாலும் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். இந்தத் தாளில் மாணவர்கள் தோற்பது பெரும்பாலும் பெருக்கல் வகுத்தலில் அல்ல. ‘இந்தப் பணம் எந்தத் தேதியில் நிற்கிறது’ என்ற கேள்வியில்தான் தோற்கிறார்கள். கீழே உள்ள ஒவ்வொரு படியும் அந்தக் கேள்வியை மனதில் வைத்தே அமைந்தது.

1. முதல் வகுப்பில் 20 நிமிட முன்தேர்வு

மதிப்பெண் கிடையாது என்று சொல்லிவிட்டு ஆறு கேள்வி கொடுங்கள்.

ஒரு விலை 25% ஏறியது. பழைய இடத்துக்கே வர எத்தனை சதவீதம் இறங்க வேண்டும்? (20.) வட்டி 8%-லிருந்து 10% ஆனது; எத்தனை சதவீதப் புள்ளி உயர்வு, எத்தனை சதவீத உயர்வு? (2 புள்ளி, 25%.) 1.1-இன் மூன்றாம் அடுக்கு என்ன? (1.331.) 40% எடையுள்ள 6-க்கும் 60% எடையுள்ள 12-க்கும் எடையிட்ட சராசரி என்ன? (9.6.) கடனுக்கு விற்ற சரக்கு இந்த ஆண்டு லாபத்தில் சேருமா, ரொக்கத்தில் சேருமா? கடைசியாக, தேய்மானம் என்ற செலவு யாருக்குக் கொடுக்கப்படுகிறது?

முதல் நான்கில் பாதிப் பேர் தவறினால் ஒரு மணி நேரத்தைக் கணிதத்துக்கு ஒதுக்குங்கள். இந்த ஒரு மணியை மிச்சம் பிடித்தால் பிறகு பத்து மணியாகத் திருப்பிக் கொடுக்க நேரும். கடைசி இரண்டில் தவறுகிறவர்கள் வேறு வகை. அவர்கள் லாபத்தையும் ரொக்கத்தையும் ஒன்றாக நினைக்கிறவர்கள். அவர்கள் பெயரைக் குறித்து வையுங்கள். 8-ஆம் படியில் தடுக்கி விழப் போவது அவர்கள்தான்.

2. நேரத்தைப் பிரிக்கும் முறை

நிறுவனத்தின் நோக்கம், நிதிச் சந்தையின் அமைப்பு, விகிதப் பகுப்பாய்வு என்று முதல் மூன்று வாரத்தை ஓட்டுவது வழக்கமான தவறு. அவை வாசித்துத் தெரிந்துகொள்ளக் கூடியவை. வகுப்பு நேரம் வாசித்தால் புரியாதவற்றுக்குப் போக வேண்டும்.

42 மணி நேரத்தை இப்படிப் பிரிக்கலாம்: பணத்தின் கால மதிப்புக்கு 9, கடன் பத்திரங்களுக்கு 4.5, பங்கு மதிப்பீட்டுக்கு 3, திட்டப் பணப்பாய்வும் முதலீட்டு முடிவும் 10.5, ரிஸ்க்கும் ஈட்டும் (முதலீடு தரும் வருவாய் விகிதம்) 7.5, மூலதனச் செலவுக்கு (நிறுவனம் திரட்டும் நிதியின் விலை) 4.5, சிறு தேர்வுகளுக்கும் திருப்புதலுக்கும் 3.

கால மதிப்புக்கு 9 மணியா என்று மலைக்க வேண்டாம். பத்திரம், பங்கு, திட்டம் மூன்றும் அதே கணக்கின் வெவ்வேறு உடைகள். அடித்தளம் உறுதியானால் பின்னால் வருபவை தாமாக வேகம் எடுக்கும்.

3. சூத்திரத்துக்கு முன் காலக்கோடு

முதல் இரண்டு வகுப்புகளில் ஒரு சூத்திரமும் பலகையில் ஏறக் கூடாது. ஒரு கோடு, அதில் 0, 1, 2, 3 என்ற புள்ளிகள், ஒவ்வொரு புள்ளியின் கீழும் வரும் தொகை அல்லது போகும் தொகை. அவ்வளவுதான்.

இங்கேயே இரண்டு மரபுகளைப் பிடிவாதமாக நிலைநாட்டுங்கள். 0 என்பது இன்று. 1 என்பது முதல் காலத்தின் முடிவு. அதுவே இரண்டாம் காலத்தின் தொடக்கமும்கூட. ‘இரண்டாம் ஆண்டின் தொடக்கத்தில்’ என்று கேள்வியில் வந்தால் பாதி வகுப்பு 2-இன் கீழ் எழுதும். சரியான இடம் 1. இப்படிப்பட்ட பத்து வாக்கியங்களைக் கொடுத்து, கணக்குப் போடவிடாமல், தொகைகளைக் கோட்டில் வைக்க மட்டும் சொல்லுங்கள்.

அடுத்து மூன்று விதிகள். ஒரே புள்ளியில் நிற்கும் தொகைகளை மட்டுமே கூட்டலாம், ஒப்பிடலாம். முன்னோக்கி நகர்த்த ஒவ்வொரு காலத்துக்கும் (1 + வட்டி) என்று பெருக்க வேண்டும். பின்னோக்கி நகர்த்த அதே எண்ணால் வகுக்க வேண்டும். 10% வட்டியில் இன்றைய 1,000 மூன்று ஆண்டில் 1,331 ஆகும். மூன்று ஆண்டு கழித்து வரும் 1,000-இன் இன்றைய மதிப்பு 751.31. இரண்டையும் ஒரே கோட்டில், எதிரெதிர் அம்புக்குறிகளாக வரையுங்கள். தற்போதைய மதிப்பு, எதிர்கால மதிப்பு என்று இரண்டு சூத்திரங்களை மனப்பாடம் செய்தவர்கள் எதை எங்கே போடுவது என்று திணறுவார்கள். அம்புக்குறியாகப் பார்த்தவர்கள் திணற மாட்டார்கள்.

4. சம தவணைச் சூத்திரம் எந்தப் புள்ளியில் விடை தருகிறது

ஐந்து தொகைகளை ஒவ்வொன்றாகப் பின்னோக்கி நகர்த்தி, கை வலித்த பிறகுதான் சம தவணைச் சூத்திரத்தைத் தர வேண்டும். அப்போதுதான் அது குறுக்குவழி என்பது புரியும்.

சூத்திரத்தோடு ஒரு வாக்கியத்தையும் சேர்த்தே எழுத வையுங்கள்: ‘விடை, முதல் தவணைக்கு ஒரு காலம் முன்பு நிற்கும்.’ இதை விட்டதால் வரும் தவறு எல்லாத் தேர்விலும் வருகிறது. 4-ஆம் ஆண்டு முடிவிலிருந்து 8-ஆம் ஆண்டு முடிவு வரை ஆண்டுக்கு 1,000, வட்டி 10% என்று கொடுங்கள். சூத்திரம் தரும் 3,790.79 நிற்பது புள்ளி 3-இல். அங்கிருந்து மூன்று ஆண்டு பின்னே வந்தால் 2,848.08. ‘நான்காம் ஆண்டில் தொடங்குகிறதே’ என்று நான்கு ஆண்டு பின்னே வருகிறவர்களுக்கு 2,589.16 வரும். இரண்டு விடையையும் பலகையில் எழுதி, தவறானது எங்கே பிறந்தது என்று வகுப்பையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். சரியான வழியை மூன்று முறை காட்டுவதைவிட இது நன்றாகப் பதியும்.

நிதிக் கால்குலேட்டர் பயன்படுத்தும் வகுப்பானால் ஒரு எச்சரிக்கை. தவணை காலத்தின் தொடக்கத்தில் வருவதாகக் கொள்ளும் அமைப்பு முந்தைய கணக்கிலிருந்து அப்படியே நின்றுவிடும். எல்லா விடையும் (1 + வட்டி) மடங்கு கூடுதலாக வந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான்.

5. வட்டி விகிதத்தின் பேச்சைப் புரியவைத்தல்

‘ஆண்டுக்கு 12%’ என்பது அரைகுறைத் தகவல் என்று முதலில் சொல்லிவிடுங்கள். மாதந்தோறும் கூட்டப்பட்டால் அது மாதம் 1%. ஆண்டு முடிவில் உண்மையான வட்டி 12.68%. காலமும் விகிதமும் ஒரே அலகில் இருக்க வேண்டும்: மாதத் தவணையென்றால் மாத வட்டி, மாதங்களின் எண்ணிக்கை. வட்டியை மாதத்துக்கு மாற்றிவிட்டு காலத்தை ஆண்டிலேயே விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

இதற்குக் கடன் அட்டவணையைவிட நல்ல பயிற்சி இல்லை. 1,00,000 கடன், மேற்சொன்ன மாதம் 1% வட்டி, 12 மாதம். தவணை 8,884.88. முதல் மாதத் தவணையில் வட்டி 1,000, அசல் 7,884.88. பன்னிரண்டு வரிகளையும் கையால் போடச் சொல்லுங்கள். கடைசி வரியில் மீதி பூஜ்யம் வந்தால் எல்லாமே சரி. மாணவர் தன் விடையைத் தானே சோதித்துக்கொள்ளும் கணக்குகள் குறைவு. இது அதில் ஒன்று.

பிறகு அதே கடனை ‘நிலையான 12% வட்டி’ என்று மாற்றிக் கொடுங்கள். முழுத் தொகைக்கும் ஓராண்டு வட்டி 12,000; தவணை 9,333.33. உண்மையில் இது ஆண்டுக்கு எத்தனை சதவீதம்? சுமார் 21.5%, அதுவும் மாதக் கூட்டலுக்கு முந்தைய கணக்கில். அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே போக, வட்டி மட்டும் முழு அசலுக்கே போடப்படுகிறது. அதனால்தான் விகிதம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. இந்த இடத்தில் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். அடுத்த வாரத்துக்கும் அந்தக் கவனம் தங்கும்.

6. ஸ்ப்ரெட்ஷீட்: கைக்கணக்குக்குப் பிறகே

நான்காம் வாரத்துக்கு முன் ஸ்ப்ரெட்ஷீட் வேண்டாம். முன்பே கொடுத்தால் ஃபங்ஷன் பெயர்தான் மனதில் நிற்கும், காலக்கோடு நிற்காது.

கொடுக்கும்போது மூன்று கட்டுப்பாடுகள். உள்ளீடுகள் தனிப் பகுதியில், நீல நிறத்தில். கணக்குகள் வேறு பகுதியில், அவற்றில் நேரடியாக எண் எதுவும் தட்டச்சு செய்யக் கூடாது. முடிவு மூன்றாவது பகுதியில். ஏனென்றால் வட்டியை 10-லிருந்து 12 ஆக்கும்போது ஒரே ஒரு செல்லைத் தொட்டால் போதும் என்ற நிலை இருக்க வேண்டும். இருபது செல்களில் 1.1 என்று எழுதி வைத்தவர் இரண்டை மாற்ற மறப்பார்.

எக்ஸெலில் உள்ள என்பிவி ஃபங்ஷன் ஒரு பொறி. பெயர் நிகர தற்போதைய மதிப்பு, அதாவது வரவுகளின் இன்றைய மதிப்பிலிருந்து முதலீட்டைக் கழித்தது. ஆனால் கொடுக்கும் முதல் தொகையை அது புள்ளி 1-இல் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளும். இன்று 1,000 முதலீடு, மூன்று ஆண்டுக்கு 500, வட்டி 10%. நான்கு தொகையையும் உள்ளே போட்டால் 221.30 வரும். சரியான விடை 243.43. மூன்று வரவுகளை மட்டும் ஃபங்ஷனுக்குள் கொடுத்து, 1,000-ஐ வெளியே கழிக்க வேண்டும். இதைச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். தவறான கோப்பை நீங்களே தயாரித்துக் கொடுத்து, கைக்கணக்கோடு ஏன் ஒத்துப்போகவில்லை என்று கேளுங்கள்.

7. பத்திரமும் பங்கும்

பத்திரத்தைப் புதுப் பாடமாக அறிவிக்க வேண்டியதில்லை. சம தவணை ஒன்று, கடைசியில் ஒரு மொத்தத் தொகை. முகமதிப்பு (கடைசியில் திரும்பும் தொகை) 1,000, ஆண்டுக் கூப்பன் (அதன் மேல் ஆண்டுதோறும் தரும் வட்டி) 8%, ஐந்து ஆண்டு. சந்தை ஈட்டு 8% என்றால் விலை 1,000. 10% ஆனால் 924.18. 6% ஆனால் 1,084.25. மூன்றையும் மாணவர்களே கண்டுபிடிக்கட்டும். ஈட்டு ஏறினால் விலை ஏன் இறங்குகிறது என்ற கேள்விக்கு, ‘புதிதாக வருகிற பத்திரம் 10% தரும்போது 8% தருவதை யார் முழு விலைக்கு வாங்குவார்?’ என்பதே போதுமான பதில். இறக்கம் 75.82, ஏற்றம் 84.25 என்ற சமமின்மையை யாராவது கவனித்துக் கேட்டால் விலைக்கும் ஈட்டுக்கும் உள்ள கோட்டின் வளைவைப் பற்றிப் பேசுங்கள்; யாரும் கேட்காவிட்டால் அடுத்த தாளுக்கு விட்டுவிடலாம்.

கூப்பன் விகிதத்தையே தள்ளுபடி விகிதமாக (பின்வரும் தொகையை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரும் விகிதமாக) போடுவது இங்கே வரும் தவறு. கூப்பன் என்பது எவ்வளவு வருகிறது என்பதைச் சொல்லும். ஈட்டு என்பது அதை எதனால் வகுப்பது என்பதைச் சொல்லும்.

பங்குக்கு வந்தால், வளரும் டிவிடெண்ட் சூத்திரத்தின் மேலே நிற்பது அடுத்த ஆண்டின் டிவிடெண்ட். இப்போது கொடுத்தது 10, வளர்ச்சி 5%, எதிர்பார்க்கும் ஈட்டு 12% என்றால் மேலே 10.50, மதிப்பு 150. பத்தையே போட்டவருக்கு 142.86. மறுபடியும் அதே நோய்: தேதி தவறு. வளர்ச்சி விகிதம் ஈட்டைத் தாண்டினால் சூத்திரம் எதிர்மறை எண் தரும். அது மலிவான பங்கு அல்ல, செல்லாத சூத்திரம்.

8. பணப்பாய்வு: அதிக நேரம் இங்கே

தேர்வில் ‘பணப்பாய்வு பின்வருமாறு’ என்று கொடுத்துவிட்டு என்பிவி கேட்பது எளிது. வேலையில் அந்தப் பணப்பாய்வை யாரும் கொடுக்க மாட்டார்கள். அதனால் ஒரே உதாரணத்தை எடுத்து நான்கு வகுப்புகள் அதையே வளர்த்துக்கொண்டு போங்கள்.

இயந்திரம் 9,000, மூன்று ஆண்டில் சமமாகத் தேய்மானம், கடைசியில் மதிப்பு ஏதுமில்லை. ஆண்டு விற்பனை 8,000, ரொக்கச் செலவு 3,500, வரி 25%. தொடக்கத்தில் நடைமுறை மூலதனம் (சரக்கு போன்ற அன்றாடத் தேவையில் முடங்கும் பணம்) 600, முடிவில் முழுதும் திரும்பும். தள்ளுபடி விகிதம் 10%.

வரிக்கு முந்தைய லாபம் 1,500, வரி 375, நிகர லாபம் 1,125. தேய்மானம் 3,000-ஐத் திருப்பிக் கூட்டினால் ஆண்டுப் பணப்பாய்வு 4,125. மூன்றாம் ஆண்டில் 600 சேர்ந்து 4,725. தொடக்கச் செலவு 9,600. என்பிவி 1,109.05.

தேய்மானத்தை ஏன் கழித்துவிட்டுத் திரும்பக் கூட்ட வேண்டும் என்று எல்லா வகுப்பிலும் கேட்பார்கள். இரண்டாவது வழியைக் காட்டுங்கள். தேய்மானத்தையே மறந்து (8,000 − 3,500) × 0.75 = 3,375. தேய்மானத்தால் மிச்சமாகும் வரி 3,000 × 0.25 = 750. கூட்டினால் அதே 4,125. தேய்மானத்தில் பணம் கைமாறுவதில்லை. அது வரியை மட்டும் குறைக்கிறது. முன்தேர்வின் ஆறாம் கேள்விக்கு இப்போதுதான் உண்மையான விடை கிடைக்கிறது.

இனி தவறுகளை ஒவ்வொன்றாக உள்ளே நுழைத்துக் காட்டுங்கள்.

வட்டிச் செலவு: இயந்திரத்தைக் கடன் வாங்கி வாங்கினால் வட்டியைக் கழிக்கலாமா? கூடாது. 10% என்ற விகிதத்திலேயே நிதியின் விலை இருக்கிறது. மறுபடி கழித்தால் இரண்டு முறை கழித்ததாகும். இதைப் புரியவைக்க நேரம் பிடிக்கும், பொறுமை வேண்டும்.

போன பணம்: திட்டத்துக்கு முன்பே 400 செலவில் சந்தை ஆய்வு முடிந்துவிட்டது. சேர்க்கக் கூடாது, திட்டத்தைக் கைவிட்டாலும் அது திரும்பாது. ஆனால் சொந்தக் கட்டடத்தை இதற்காக ஒதுக்கினால், அதை வாடகைக்கு விட்டிருந்தால் வந்திருக்கும் பணத்தைச் சேர்க்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே சோதனை: திட்டம் இருந்தால் எவ்வளவு, இல்லாவிட்டால் எவ்வளவு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு. ‘முன்பு, பின்பு’ என்று ஒப்பிட்டால் இரண்டிலும் தவறுவார்கள்.

நடைமுறை மூலதனம் திரும்புவதை மறந்தால் என்பிவி 658.26 ஆகச் சுருங்கும். திரும்பும் 600-ஐ வருமானமாக நினைத்து வரி போடுகிறவர்களும் உண்டு.

பணவீக்கம்: பணப்பாய்வு இன்றைய விலையில் இருந்தால் விகிதமும் பணவீக்கம் நீங்கியதாக இருக்க வேண்டும். 10% விகிதம், 4% பணவீக்கம் என்றால் உண்மை விகிதம் 1.10 ÷ 1.04, அதாவது 5.77%. கழித்து 6% என்று போடுவது தோராயம்தான்.

9. என்பிவி, ஐஆர்ஆர் முரண்படும் இடங்கள்

ஐஆர்ஆர் (என்பிவியைப் பூஜ்யமாக்கும் விகிதம்) மாணவர்களுக்குப் பிடித்துப்போகும். சதவீதத்தில் வருகிறது, தள்ளுபடி விகிதம் கேட்பதில்லை. அதனால் வரையறை சொன்ன அதே வகுப்பில் அது சறுக்கும் இரண்டு இடங்களையும் காட்டிவிடுங்கள்.

அளவு: 100 போட்டு ஓராண்டில் 150 தரும் திட்டத்துக்கு ஐஆர்ஆர் 50%. 1,000 போட்டு 1,300 தரும் திட்டத்துக்கு 30%. 10% விகிதத்தில் என்பிவி முறையே 36.36, 181.82. ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் இரண்டாவது.

குறி மாற்றம்: −100, +230, −132. இதற்கு ஐஆர்ஆர் 10%, 20% என இரண்டு விடை. ஸ்ப்ரெட்ஷீட் ஒன்றை மட்டும் காட்டும், மற்றது இருப்பதாக எச்சரிக்காது. 0%-லிருந்து 30% வரை என்பிவி வரைபடம் வரையச் சொல்லுங்கள். கோடு அச்சை இரண்டு இடத்தில் வெட்டுவது கண்ணுக்குத் தெரியும்.

10. ரிஸ்க்: முதலில் தரவு, பிறகு கோட்பாடு

கிரேக்க எழுத்துகளோடு தொடங்காதீர்கள். முதலில் இரண்டே எண்: ஒரு முதலீடு ஓராண்டு 50% ஏறி, அடுத்த ஆண்டு 50% இறங்கியது. சராசரி பூஜ்யம். கையில் இருப்பது 100-க்கு 75. கூட்டுச் சராசரிக்கும் பெருக்குச் சராசரிக்கும் உள்ள வேறுபாடு இதில் முடிந்துவிடும்.

பிறகு ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கையும் ஒரு சந்தைக் குறியீட்டையும் கொடுத்து 60 மாத விலைகளை எடுக்கச் சொல்லுங்கள். வரும் பிழைகள் எப்போதும் இவைதான்: விலைகளுக்கே திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகிறது என்ற அளவு) கண்டுபிடிப்பது (மாத ஈட்டுகளுக்குத்தான் காண வேண்டும்), டிவிடெண்டும் பங்குப் பிரிப்பும் சரிசெய்யப்படாத விலையை எடுப்பது, மாதத் திட்ட விலக்கத்தை 12-ஆல் பெருக்குவது. 12-இன் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். மாதம் 5% என்றால் ஆண்டுக்கு 17.3%, 60% அல்ல. பீட்டாவில் (சந்தை அசையும்போது பங்கு எவ்வளவு அசைகிறது என்ற அளவு) பங்கையும் சந்தையையும் இடம் மாற்றிப் போடுவார்கள். சரிவு ஃபங்ஷனில் பங்கு முதலில், சந்தை இரண்டாவது.

பரவலாக்கத்துக்கு, அதாவது பணத்தைப் பல சொத்துகளில் பிரித்துப் போடுவதற்கு, ஒரே அட்டவணை போதும். திட்ட விலக்கம் 20%, 30% உள்ள இரண்டு சொத்துகள், பாதிக்குப் பாதி. ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து அசைகின்றன என்ற அளவு) 1 என்றால் தொகுப்பின் விலக்கம் 25%. 0.5 என்றால் 21.8%. 0 என்றால் 18.0%. −1 என்றால் 5%. ஒட்டுறவு பூஜ்யமாக இருந்தாலே இரண்டில் குறைந்த ரிஸ்க் கொண்டதைவிடத் தொகுப்பின் ரிஸ்க் இறங்கிவிடுகிறது என்பதைச் சுட்டிக்காட்டுங்கள். எதிர்மறை ஒட்டுறவு இருந்தால்தான் பலன் என்ற தவறான எண்ணம் அத்தோடு போய்விடும்.

11. மூலதனச் செலவு

இரண்டு விஷயம் மட்டும் அழுத்த வேண்டும். எடைகள் சந்தை மதிப்பில் இருக்க வேண்டும், புத்தக மதிப்பில் அல்ல. வரிச் சலுகை கடனுக்கு மட்டும்: 8% கடன், 25% வரி என்றால் 6%. கடன் 40%, பங்கு 60%, பங்கின் செலவு 12% என்றால் மொத்தம் 9.6%. முன்தேர்வின் நான்காம் கேள்வி வேண்டுமென்றே இந்த எண்களில் வைக்கப்பட்டது. திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

நிறுவனத்தின் 9.6%-ஐ எல்லாத் திட்டத்துக்கும் போடக் கூடாது. வேறு தொழிலில் இறங்கும் திட்டத்துக்கு அந்தத் தொழிலின் ரிஸ்க்தான் விகிதத்தைத் தீர்மானிக்கும்.

12. பயிற்சியும் விடைத்தாளும்

வீட்டுப்பாடத்தில் எல்லாருக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தால் ஒரு விடை வகுப்பு முழுக்கச் சுற்றும். பதிவெண்ணின் கடைசி இலக்கத்தை 0.5-ஆல் பெருக்கி 8-உடன் கூட்டியதே அவரவர் தள்ளுபடி விகிதம் என்று வைத்துவிடுங்கள். 8%-லிருந்து 12.5% வரை பத்து விதம் வரும். திருத்த ஒரே ஸ்ப்ரெட்ஷீட் போதும். ஒருவருக்கொருவர் முறையைச் சொல்லிக்கொடுப்பார்கள், விடையைக் கொடுக்க முடியாது.

தேர்வில் சூத்திரத் தாளை நீங்களே கொடுங்கள். சோதிக்க வேண்டியது மனப்பாடத்தை அல்ல. 10 மதிப்பெண் கணக்கில் காலக்கோட்டுக்கு 3, சரியான எண்ணைச் சரியான இடத்தில் போட்டதற்கு 3, கணக்கீட்டுக்கு 1, முடிவை இரண்டு வாக்கியத்தில் விளக்கியதற்கு 3. ஒரு இடத்தில் தவறி, அந்தத் தவறான எண்ணோடு மீதியைச் சரியாகச் செய்தவருக்கு ஒரு முறை மட்டுமே மதிப்பெண் குறைய வேண்டும்.

விளக்கத்துக்கு மூன்றா என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். ‘என்பிவி 1,109.05, ஆகவே ஏற்கலாம்’ என்று எழுதுகிறவருக்கு அதில் ஒன்று கொடுங்கள். விற்பனை எந்த அளவுக்குக் கீழே போனால் அந்த முடிவு மாறும் என்றும் எழுதுகிறவருக்கு முழுதும். (மேலே உள்ள உதாரணத்தில் விடை, ஆண்டுக்குச் சுமார் 7,405.)

தாள்களைத் திருப்பிக் கொடுக்கும் முன் தவறுகளை வகைவாரியாக எண்ணுங்கள்: தேதித் தவறு எத்தனை, அலகுத் தவறு எத்தனை, லாபத்தை ரொக்கமாக எடுத்தவை எத்தனை, வெறும் கணக்குப் பிழை எத்தனை. தேதித் தவறே முதலிடத்தில் இருந்தால் அடுத்த செமஸ்டரில் 3-ஆம் படிக்கு இன்னொரு வகுப்பு ஒதுக்குங்கள்; அந்த நேரத்தை 7-ஆம் படியிலிருந்து எடுக்கலாம்.